மாடசாமிக்கு நாலு மந்திரம்

பாளையங்கோட்டை ஹவுசிங் போர்டு டி பிளாக்கில் ஒருநாள் காலை குழாய்த் தண்ணீர் இனித்தது. சும்மா சொல்லவில்லை, பாபநாசத்து அருவிக்குக் கீழே குனிந்து அள்ளிக் குடித்தால் எப்படி இருக்குமோ அப்படி, கலங்கல் இல்லாமல், மருந்து நாற்றம் இல்லாமல், சில்லென்று கொட்டியது. பக்கத்து சி பிளாக்கில் அதே நேரத்தில் அதே தொட்டித் தண்ணீர் வழக்கம்போலக் காப்பித்தூள் நிறத்தில்தான் வந்தது. டி பிளாக்குப் பெண்கள் ஏன் எதற்கு என்று கேட்டுக்கொண்டு நிற்கவில்லை. தண்ணீர் வருகிற நேரத்தில் காரணம் கேட்டுக்கொண்டு நின்றால் குடம் நிறையுமா? குடம், வாளி, அண்டா, பிள்ளை குளிப்பாட்டுகிற பேசின் எல்லாவற்றையும் நிறைத்து வைத்துவிட்டு, அதற்கப்புறம்தான் ஒருத்தி முகத்தை ஒருத்தி பார்த்தார்கள்.

மறுநாள் முதல் மாடியில் வடை சுட்டுக்கொண்டிருந்த இசக்கியம்மாளின் கை வழுக்கி மணிக்கட்டு வரை கொதிக்கிற எண்ணெய்க்குள் போய், ஒரு கொப்புளம்கூட இல்லாமல் வெளியே வந்தது. அவள் கையைத் துடைத்துக்கொண்டு மிச்ச மாவையும் சுட்டு முடித்தாள். அதற்கு மறுநாள் வண்டி நிறுத்துகிற இடத்தில், ஸ்கூட்டர்களுக்கு நடுவே, ஒரு வெள்ளைக் குதிரை நின்று பொழுது சாய்கிறவரைக்கும் வேப்பிலை தின்றது. அன்றைக்குத்தான் தரைத்தளத்து உச்சிமாகாளிக்குச் சுருக்கென்றது. ஏனென்றால் காலையில் அவன் டியூட்டிக்குக் கிளம்பும்போது, பெண்டாட்டி சுடலைவடிவு கம்ப்யூட்டர் திரையிலிருந்து கண்ணை எடுக்காமலே, "இன்னைக்கு நம்ம மாடசாமிக்குக் குதிரை எடுத்திருக்கேன், ரொம்பத் தூரம் போகணும்லா" என்று சொல்லியிருந்தாள்.

உச்சிமாகாளி டவுன் பஸ் கண்டக்டர். நாள் பூராவும் அடுத்தவர் வாயில் விழுந்து எழுந்து, சாயங்காலம் வீட்டுக்கு வந்து அத்தனையையும் சுவரைப் பார்த்துத் திட்டித் தீர்க்கிற சாதி. வடிவு அப்படியில்லை. போன ஆவணியில் கேஸ் சிலிண்டரை நகர்த்தப்போய் இடுப்பு பிடித்துக்கொண்டு, டாக்டர் பெல்ட்டைக் கட்டி உட்கார வைத்துவிட்டார். உட்கார்ந்த இடத்தில் பொழுது போக வேண்டுமே என்று, ஷார்ஜாவுக்குப் போன தம்பி விட்டுப்போன கம்ப்யூட்டரைத் திறந்தவள், அதற்குள் ஒரு உலகமே கிடந்ததைப் பார்த்து அங்கேயே குடியேறிவிட்டாள். ஊர் ஊராக, நாடு நாடாக ஆட்கள் ஒன்றுகூடி ஆடுகிற விளையாட்டு அது. குகை, கோட்டை, பூதம், தீ கக்கும் நாகம் என்று என்னவெல்லாமோ உண்டு. சேரும்போதே நீ யாராக இருக்கப்போகிறாய் என்று கேட்பார்கள். மற்றவர்கள் வில்லாளி, மந்திரவாதி, மறைந்திருந்து குத்துகிறவன் என்று எடுத்துக்கொள்ள, வடிவு பாலடினை எடுத்தாள். பாலடின் என்றால் கவசம் மாட்டி, கேடயம் பிடித்து, எல்லாருக்கும் முன்னால் நிற்கிற வீரன். கைவசம் கொஞ்சம் மந்திரமும் உண்டு. கொடுத்த வாக்குக்குக் கட்டுப்பட்டவன், வாக்குத் தவறினால் அன்றோடு அவன் பலம் அத்தனையும் போய்விடும். காவலுக்கு நிற்கிறவனுக்கு மாடசாமி என்று பெயர் வைக்காமல் வேறு என்ன வைப்பது என்று வைத்துவிட்டாள். வெள்ளிக் கவசத்தில் ஏழடி உயரத்துக்கு நிற்கிற அந்த வெள்ளைக்காரத் துரையின் தலைக்கு மேல் மாடசாமி என்று தமிழில் மின்னும்.

"மத்தவன் மாதிரி முன்னால போய் நாலு போடு போட வேண்டியதுதானே?" என்று உச்சிமாகாளி ஒருமுறை கேட்டான்.

"அடிக்கதுக்கு ஆயிரம் பேரு இருக்கான். அடியை வாங்கிக்கிட்டு நிக்கதுக்குத்தான் ஆள் இல்ல" என்றாள் வடிவு.

மாடசாமிக்குத் தெரிந்த மந்திரம் நாற்பதுக்கு மேல். ஆனால் விடியும்போது அதில் நாலுதான் எடுத்துக்கொள்ளலாம். சூரியன் வந்தபிறகு மாற்ற முடியாது, மறுநாள் விடிகிறவரை அந்த நாலோடுதான் வாழ வேண்டும். இந்த நாலைப் பொறுக்குவதில்தான் வடிவின் கெட்டிக்காரத்தனம் இருந்தது. போகிற வழியில் சதுப்பு இருக்கிறதா, எதிரி நெருப்பா விஷமா, கூட வருகிறவர்களில் யார் அவசரக்காரன், யார் பயந்தாங்கொள்ளி, எவனை யாருக்குப் பின்னால் நிறுத்தினால் ஓடமாட்டான் என்று, பெரிய குடும்பத்தில் கல்யாணப் பந்திக்கு இலை போடுகிறவள் மாதிரி யோசித்து யோசித்து எடுப்பாள். அவள் கூட்டத்தில் ஒஸ்லோவிலிருந்து ஆடுகிற துஷ்யந்தன் என்ற யாழ்ப்பாணத்துப் பையன், "வடிவக்கா எடுக்கிற நாலும் ஒருநாளும் பிழையாப் போனதில்லை" என்று ஊரெல்லாம் சொல்லி வைத்திருந்தான்.

அந்த நாலு மந்திரமும்தான் டி பிளாக் காம்பவுண்டுச் சுவருக்குள் பலித்துக்கொண்டிருந்தன. விஷயம் தெரிந்ததும் பிளாக்கில் யாரும் மயங்கி விழவில்லை. அந்த ஞாயிற்றுக்கிழமையே மொட்டைமாடியில் கூட்டம் போட்டார்கள். நாய் தொல்லைக்கு ஏதாவது உண்டா, மூட்டுவலிக்கு ஏதாவது உண்டா, குதிரையை இன்னொரு நாள் வரவழைத்தால் பேரன் பிறந்தநாளுக்கு ஆகுமே என்று ஆளாளுக்குக் கேட்டார்கள். முக்கால்வாசிப் பேர் குளத்துப் பாசனத்து ஊர்களிலிருந்து வந்தவர்கள். வயலுக்கு முறைத்தண்ணீர் விடுகிற பழக்கம் ரத்தத்தில் ஊறியது. அதனால் சண்டையில்லாமல் சீக்கிரமே முடிவாயிற்று: நாலில் ஒன்று பொதுவுக்கு, அது தண்ணீர். இன்னொன்று ஒவ்வொரு நாளும் ஒவ்வொரு வீட்டுக்கு, வாசல் எண் வரிசைப்படி. மிச்சம் இரண்டு வடிவுக்கு. அந்தப் பிள்ளையும் ஆடிப் பிழைக்க வேண்டாமா? அன்றிலிருந்து முறை வந்த வீட்டுக்காரர்கள் முந்தின நாள் சாயங்காலமே குளித்துவிட்டு வந்து, செருப்பைக் கழற்றிவிட்டு, தங்களுக்கு எது வேண்டும் என்று சொல்லிவிட்டுப் போனார்கள்.

ஒரே ஒருநாள்தான் தப்பு நடந்தது. விளையாட்டில் ஒரு கள்ள மந்திரியை விசாரிக்க வேண்டியிருந்ததால், வடிவு தன் பங்கில் மெய்வட்டம் என்ற மந்திரத்தை எடுத்துவிட்டாள். அதற்குள் நிற்கிற யாருக்கும் பொய் வராது. காலைக் காப்பிக்கு முன்பே முதல் மாடிப் புதுமாப்பிள்ளை சாம்பாரைப் பற்றி வாயைத் திறந்தான். இசக்கியம்மாள் மாமியாரிடம் இருபது வருஷத்து மனக்குறையைச் சொல்லி முடித்தாள். சங்கச் செயலாளர் தாணுமூர்த்தி, மார்கழி பஜனையில் தான் பாடுவது யாருக்கும் பிடிக்கவில்லை என்பது தனக்கே தெரியும் என்று மாடிப்படியில் உட்கார்ந்து அழுதார். சாயங்காலத்துக்குள் ஏழெட்டு வீடுகளில் பேச்சுவார்த்தை இல்லை. மறுநாள் கூட்டத்தில், இனி இந்த ஜென்மத்தில் டி பிளாக்குக்கு உண்மை வேண்டாம் என்று ஒருமனதாகத் தீர்மானமாயிற்று. வடிவு இடுப்பைப் பிடித்துக்கொண்டு எழுந்து நின்று, அதைத் தொடுவதில்லை என்று மாடசாமி மேல் சத்தியம் செய்தாள்.

இப்படியிருக்க, பதினோராம் எண் வீட்டுக்கு முறை வந்தது. இரண்டாம் மாடி, மின்வாரியத்து கோமதிநாயகம் வீடு. நல்ல மனுஷன்தான், ஆனால் கோபம் வந்தால் கண் தெரியாது. தங்கச்சி ஏதோ ஒரு வார்த்தை எதிர்த்துச் சொன்னாள் என்று பத்து வருஷமாக அவள் வீட்டு வாசலை மிதிக்காதவர். பெண்டாட்டி போனபிறகு ஒரே மகள் ஆவுடைதான் வீட்டில். முருகன்குறிச்சிப் பக்கம் ஒரு ரத்தப் பரிசோதனை நிலையத்தில் வேலை. அவளைப் பெண் பார்க்க ஞாயிற்றுக்கிழமை சங்கரன்கோவிலிலிருந்து வருகிறார்கள். கோமதிநாயகம் வந்து, "வடிவு, அந்த ஒளிமுகம்னு ஒண்ணு இருக்காம்லா, பார்க்கிறவங்க கண்ணுக்கு எல்லாம் ஜொலிக்குமாம். அதை எடுத்துரு தாயி" என்று சொல்லிவிட்டுப் போனார்.

அவர் போன கொஞ்ச நேரத்தில் ஆவுடை வந்தாள். உச்சிமாகாளி அடுக்களையில் தோசை வார்த்துக்கொண்டிருந்தான். வடிவுக்கு இடுப்பு போனதிலிருந்து தோசை அவன் பாடு. அங்கே நின்றபடியே எல்லாம் கேட்டது.

"எக்கா, எனக்கு இந்த மாப்பிள்ளை வேண்டாம். வேலையை விடணும்னு இப்பவே சொல்லுதாங்க. அப்பாகிட்ட சொல்லலாம்னு வாயைத் திறந்தா நாக்கு ஒட்டிக்கிடுது. அன்னைக்கு மட்டும் மெய்வட்டம் எடுங்க. நான் சொல்ல வேண்டாம், அதுவே என்னைச் சொல்ல வச்சிரும்."

"அதை எடுக்கமாட்டேன்னு சத்தியம் பண்ணியிருக்கேன் பிள்ள. வாக்கு மாறினா மாடசாமி அவ்வளவுதான்."

ஆவுடை அழவில்லை. சேலை நுனியைச் சுருட்டிச் சுருட்டிப் பிரித்துக்கொண்டிருந்தாள். "அப்ப என் கதை முடிஞ்சுது" என்றாள்.

வடிவு நாற்காலியைத் திருப்பி அவளை நேருக்கு நேர் பார்த்தாள். சண்டைக்கு முன்னால் திரையில் மலையையும் கணவாயையும் பார்ப்பாளே, அந்தப் பார்வை. "ஒண்ணு கேக்கேன். உனக்கு உண்மை தெரியாமலா இருக்கு? இப்ப என்கிட்ட ஒரு மூச்சில சொல்லிட்டியே. நீ பயப்படுதது சொல்லதுக்கு இல்ல. சொன்ன பிறகு ஏச்சு விழுமே, அதுக்கு. அப்பா உன்கூடப் பேசாமலே இருந்துருவாரோன்னு பயம். அப்படித்தானே?"

ஆவுடை தலையை ஆட்டினாள்.

"சொல்லது உன் வேலை. அதுக்கு மந்திரம் கிடையாது, இருந்தாலும் தரமாட்டேன். விழுததை நான் பாத்துக்கிடுதேன்."

தோசை கருகிற்று. உச்சிமாகாளிக்கு அதைத் திருப்பிப் போடத் தோன்றவில்லை. பத்து வருஷம் கூட வாழ்ந்தவளை அன்றைக்குத்தான் புதிதாகப் பார்க்கிற மாதிரி இருந்தது அவனுக்கு.

ஞாயிற்றுக்கிழமை விடியற்காலையில் வடிவு நாலையும் எடுத்தாள். பொதுவுக்குத் தண்ணீர். பதினோராம் வீட்டுக்கு ஒளிமுகம். முறை முறைதான், கேட்டதைக் கொடுத்தாக வேண்டும். தன் பங்குக்குக் காயம் ஆற்றுகிற மந்திரம் ஒன்று. நாலாவதாக 'என்னைப் பார்'. விளையாட்டில் அதற்கு நீளமாக ஏதோ ஒரு பெயர். கடைகளில் கழுதைப் படத்துக்குக் கீழே 'என்னைப் பார் யோகம் வரும்' என்று எழுதி மாட்டியிருப்பார்களே, அதை நினைத்து வடிவு வைத்த பெயர் இது. அந்த மந்திரத்தைப் போட்டால், சுற்றுவட்டாரத்தில் எவனுக்கு எவன்மேல் கோபம் வந்தாலும் அடி அங்கே போகாது. நேராக மாடசாமியிடம்தான் வரும். அன்று பிற்பகலில்தான் அவள் கூட்டம் மாதக்கணக்காகக் குறிவைத்திருந்த கருநாகத்தோடு சண்டை. ஒரே மந்திரம், இரண்டு போர்க்களம். கேட்டுக்கொண்டிருந்த உச்சிமாகாளி அவள் இடுப்பு பெல்ட்டைப் பார்த்தான்.

"இடுப்பு தாங்குமா வடிவு?"

"மாடசாமி தாங்குவான்லா, நானும் தாங்குவேன்."

மாப்பிள்ளை வீட்டார் ஒரு வேன் நிறைய வந்தார்கள். ஒளிமுகம் தன் வேலையைக் குறை வைக்காமல் செய்தது: பதினோராம் வீட்டில் கிழிந்த சோபா பட்டு மாதிரி மின்னியது, கோமதிநாயகத்தின் வழுக்கையில் ஒரு ராஜகளை வந்தது, காப்பித் தட்டோடு வந்த ஆவுடையைப் பார்த்து மாப்பிள்ளையின் அம்மா, "இன்னைக்கே பூ வச்சிருவோம்" என்றாள். மாப்பிள்ளையின் பெரியப்பா மீசையைத் தடவிக்கொண்டு, "வேலையை மட்டும் இந்த மாசத்தோட விட்டுரணும்" என்றார்.

ஆவுடை தட்டைக் கீழே வைத்தாள். டம்ளர்கள் சத்தம் போட்டன. "எனக்கு இந்தச் சம்பந்தம் வேண்டாம்" என்றாள். "வேலையையும் விடமாட்டேன். அப்பா, இதை உங்ககிட்ட முன்னாலயே சொல்லியிருக்கணும். சொல்லப் பயந்துட்டேன்."

அங்கே இருந்த அத்தனை நெஞ்சிலும் கோபம் பொங்கிற்று. பொங்கியது அவள் பக்கம் திரும்ப மாட்டேன் என்றது. பெரியப்பா அவளைப் பார்த்து விரலை நீட்டி வாயைத் திறந்தார், வார்த்தை வரவில்லை. நீட்டிய விரல் தானாகத் தரையைக் காட்டியது. "கீழ் வீட்டுல ஒருத்தி இருக்காளே, அவளைக் கேக்கணும்" என்றார். வடிவின் பெயர்கூட அவர்களுக்குத் தெரியாது. மாப்பிள்ளையின் அம்மா, அத்தைமார், சித்தப்பா என்று எல்லாரும் எழுந்து வரிசையாகப் படியிறங்கி, தரைத்தளத்து வாசலில் மறக்காமல் செருப்பைக் கழற்றிவிட்டு, உள்ளே வந்து திட்ட ஆரம்பித்தார்கள்.

வடிவு இடுப்பில் பெல்ட்டும் ஒரு காதில் ஹெட்போனுமாக நிமிர்ந்து உட்கார்ந்திருந்தாள். திரையில் மலையளவு கருநாகம் மாடசாமியின் கேடயத்தில் நெருப்பைக் கக்கியது. முதுகுக்குப் பின்னால் பெரியப்பா, மானம் போச்சு, மரியாதை போச்சு, வேன் பிடித்து வந்தது இதற்குத்தானா என்று கக்கினார். வடிவு திரும்பிப் பார்க்கவில்லை. கேடயத்தை இறக்கவும் இல்லை.

"அக்கா, உயிர் கால்வாசிதான் கிடக்கு" என்று ஹெட்போனில் துஷ்யந்தன் பதறினான். "அங்க ஆர் சத்தம் போடுறது?"

"அது வேற நாகம். நீ வால் பக்கம் போய் அடி, என்னைப் பார்க்காத" என்றாள் வடிவு. அவள் நெற்றியில் வியர்வை முத்து முத்தாக நின்றது. மாடசாமிக்குக் காயம் ஆற்றுகிற மந்திரம் இருந்தது. அதை எடுக்கிறவள் உடம்புக்கு அது பலிக்காது என்று உச்சிமாகாளிக்குத் தெரியும்.

அவனுக்குப் பொறுக்கவில்லை. என் வீட்டுக்குள் வந்து என் பெண்டாட்டியைத் திட்ட நீ யாருடா என்று பெரியப்பாவின் சட்டையைப் பிடிக்கத்தான் பாய்ந்தான். பாய்ந்தவன் நேராக வடிவின் முன்னால் போய் நின்றான். "உன்னை யாருட்டி இதை இழுத்துத் தலையில போட்டுக்கச் சொன்னா? ஊரு பாட்டை எல்லாம் நீதான் வாங்கணும்னு எழுதி வச்சிருக்கா? இடுப்பு போனவளுக்கு எதுக்குட்டி இந்த வேலை?" என்று அவளைப் பார்த்துத்தான் கத்தினான். கத்தக் கத்தக் கண்ணில் தண்ணீர் வந்தது, நிறுத்த முடியவில்லை.

வடிவு மவுஸிலிருந்து ஒரு கையை எடுத்து அவன் கையைப் பிடித்தாள். "திட்டுங்க. உங்களுக்கும் சேர்த்துத்தான் எடுத்தேன்."

தினமும் பஸ்ஸில் வாங்கியது, சுவரிடம் சொன்னது எல்லாம் அவன் வாயிலிருந்து வந்து முடிந்தது. முடிந்ததும் மனசு கழுவிவிட்ட திண்ணை மாதிரி ஆகிவிட்டது அவனுக்கு. வாசலைப் பார்த்தால் டி பிளாக்கே நின்றது. சம்பந்தமில்லாத கோபம் எல்லாம் வந்திருந்தது: புருஷன்மேல் கோபப்பட்டவள், மருமகள்மேல் கோபப்பட்டவள், பஜனை விஷயத்தில் இன்னும் ஆறாத தாணுமூர்த்தி. "தப்பா எடுத்துக்காத வடிவு, என்னமோ உன்னைத்தான் திட்டணும்னு வருது" என்று முதலிலேயே மன்னிப்புக் கேட்டுவிட்டுத் திட்டினார்கள். உச்சிமாகாளி கண்ணைத் துடைத்துக்கொண்டு வாசலுக்குப் போய், "ஒவ்வொருத்தரா வாங்க. முடிச்சவங்க பின் வாசல் வழியா எறங்குங்க. வயசானவங்களுக்கு இடம் விடுங்க" என்று ஒழுங்குபடுத்த ஆரம்பித்தான், அது ஒன்றுதான் அவனுக்குத் தெரிந்த தொழில்.

திட்டி முடித்த சங்கரன்கோவில்காரர்கள் கேட்டைத் தாண்டும்போது, வீட்டுக்குப் போகும் வழியில் எங்கே சாப்பிடலாம் என்று பேசிக்கொண்டு போனார்கள். திரையில் கருநாகம் சரிந்தது. துஷ்யந்தன் கூட்டம் ஆர்ப்பரித்தது. வடிவு ஹெட்போனைக் கழற்றி வைத்தாள்.

அதுவரை மாடியில் கதவைச் சாத்திக்கொண்டு கிடந்த கோமதிநாயகம் பொழுது சாயும்போது வந்தார். அவர் திட்டியதுதான் எல்லாவற்றிலும் மோசம். பெற்ற மகளிடம் சொல்லியிருந்தால் அவள் சாகிறவரை மறந்திருக்க மாட்டாள், அப்படிப்பட்ட வார்த்தைகள். உச்சிமாகாளி காதைப் பொத்திக்கொள்ளலாமா என்று பார்த்தான். வடிவு கண்ணை எடுக்காமல் அவரையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். மகள் பேச்சு முடிந்து, தங்கச்சி பேச்சு வந்து, அதுவும் முடிந்து, என்னைத் தனியாக விட்டுவிட்டுப் போய்விட்டாளே என்று செத்துப்போன பெண்டாட்டி வரைக்கும் போய், அதற்குமேல் போக இடமில்லாமல் மனுஷன் தரையில் உட்கார்ந்தார்.

"முடிஞ்சுதா அண்ணாச்சி?"

"முடிஞ்சுது தாயி." பிறகு நிமிர்ந்து கேட்டார்: "காலையில உன் மந்திரம் போயிரும்லா? இது எல்லாம் திரும்ப அவ மேல வந்துருமோ?"

"எனக்குத் தெரியாது. அது மாடசாமி கையில இல்ல" என்றாள் வடிவு. "பிள்ளை காலையிலேர்ந்து சாப்பிடல. போங்க."

அவர் போனதும் அவள் எழுந்திருக்கப் பார்த்தாள், முடியவில்லை. உச்சிமாகாளி அவளைக் கைத்தாங்கலாகக் கொண்டுபோய்ப் படுக்க வைத்தான். தலையணையில் தலை படுவதற்குள் தூங்கிவிட்டாள்.

விடிந்தது. கம்ப்யூட்டர் இருண்டு கிடந்தது. உச்சிமாகாளி அவளை எழுப்பவில்லை. டிப்போவுக்குப் போன் போட்டு லீவு சொல்லிவிட்டு, வாசல்படியில் உட்கார்ந்துகொண்டான். வெயில் ஏறியதும் குடத்தோடு பெண்கள் வந்தார்கள், தாணுமூர்த்தி வந்தார்.

"தண்ணி கலங்கலா வருது. வடிவு என்ன எடுத்திருக்கா இன்னைக்கு?"

"ஒண்ணும் எடுக்கல. தூங்குதா. யாரும் உள்ள போகக்கூடாது."

"ஒண்ணுமே எடுக்கலையா?" என்றாள் இசக்கியம்மாள். கேட்டுவிட்டு அவளே நிமிர்ந்து இரண்டாம் மாடியைப் பார்த்தாள். அவள் பார்த்ததும் எல்லாரும் பார்த்தார்கள். தண்ணீரைப் பற்றி யாரும் மறுபடி பேசவில்லை.

பதினோராம் வீட்டுக் கதவு திறந்தது. ஆவுடை தோளில் பையோடு வேலைக்குக் கிளம்பி வந்தாள், முகம் வெளுத்திருந்தது. அவளுக்குப் பின்னால் கோமதிநாயகம் ஸ்கூட்டர் சாவியோடு வந்தார். கீழே பெண்கள் குடத்தை இறக்கி வைத்தார்கள்.

"நேரமாச்சே, வண்டியில கொண்டு விடட்டா?" என்றார்.

ஆவுடை படியில் நின்றாள். திரும்பி அவர் முகத்தைப் பார்த்தாள். "வேண்டாம்பா. நான் பஸ்லயே போறேன்" என்றாள்.

மறுபடியும் வேண்டாம் என்று சொல்லிவிட்டாள். தாணுமூர்த்தி கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டார். கோமதிநாயகத்தின் முகத்தில் ஏதோ ஒன்று எழுந்து, எங்கே போவது என்று தெரியாமல் கொஞ்சம் நின்று, பிறகு மெல்ல அடங்கியதை உச்சிமாகாளி கீழேயிருந்தே பார்த்தான்.

"சரி" என்றார் கோமதிநாயகம். "பார்த்துப் போ."

அவள் படியிறங்கி, எல்லாரையும் கடந்து, கேட்டைத் தாண்டிப் போனாள். கோமதிநாயகம் சாவியைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு, அவள் தெரு முனை திரும்புகிறவரைக்கும் மாடியிலேயே நின்றார். உச்சிமாகாளி எழுந்து உள்ளே போனான். வடிவு அசையாமல் தூங்கிக்கொண்டிருந்தாள். வெயில் அவள் முகத்தில் விழாதபடி ஜன்னல் கதவை ஒருக்களித்துச் சாத்திவிட்டு, அவன் தோசைக்கல்லை அடுப்பில் வைத்தான்.